பீச்சுக்குப் போன 3 குழந்தைகள் எங்கே? 1966 முதல் நீடிக்கும் மர்மமும், நாம் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டமும்!

1966 ஜனவரி 26. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஜேன் (9), ஆர்னா (7), கிராண்ட் (4) ஆகிய மூவரும் பஸ் ஏறி க்ளெனெல்க் கடற்கரைக்குப் போனார்கள். பிறகு வீடு திரும்பவே இல்லை. பியூமான்ட் குடும்பத்தின் மூன்று பிள்ளைகளும் ஒரே நாளில் மாயம்!

கிடைத்த துப்பு என்ன?

உயரமான, ஒல்லியான ஆண் ஒருவர் குழந்தைகளோடு விளையாடியதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். அம்மா கொடுத்து அனுப்பியது சில்லறைக் காசு. ஆனால் ஜேன் கடையில் நீட்டியதோ ஒரு பவுண்டு நோட்டு. அதைக் கொடுத்தது யார்? இன்றுவரை விடை இல்லை.

வழக்கு என்ன ஆச்சு?

சந்தேகத்தின் பேரில் ஒரு தொழிற்சாலை வளாகத்தை 2013, 2018, 2025 என மூன்று முறை தோண்டியும் எதுவும் சிக்கவில்லை. அம்மா 2019-லும், அப்பா 2023-லும் விடை தெரியாமலேயே இறந்துபோனார்கள்.

நம்ம ஊரில் நடந்தால்?

வில்லியனூர் தேரோட்டக் கூட்டமோ, பண்டசோழநல்லூர் தெருவோ, குழந்தையைக் காணோம் என்றால் '24 மணி நேரம் பார்க்கலாம்' என்று காத்திருக்கவே கூடாது.

* குழந்தை காணாமல் போன புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர் பதிவு செய்தே ஆக வேண்டும் என 2013 மே 10-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.
* 4 மாதத்தில் கிடைக்காவிட்டால், விசாரணை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும்.
* உடனே அழைக்க: 112 அல்லது 1098.

சமீபத்திய போட்டோ, உடுத்தியிருந்த உடை, கடைசியாகப் பார்த்த இடம். இந்த மூன்றையும் போலீஸிடம் முதலில் சொல்லுங்கள்.