அறுபடும் ஒலி
கம்பியில்லா ஒலிபெருக்கியின் பழுதறியும் முறை

பட்டுப்புழு தோலுரிக்கும் வேளையில் அதற்கு மல்பெரி இலை போடக் கூடாது என்பது பட்டு வளர்ப்போர் நன்கறிந்த விதி. இதனை ஓர் ஊழியர் ஒலிபெருக்கி வாயிலாக விளக்கிக் கொண்டிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். "தோலுரிக்கும் புழுவுக்கு இலை போட" என்பது வரை தெளிவாகக் கேட்கிறது. பின்னர் அரை விநாடி மௌனம். ஒலி மீண்டும் எழும்போது அடுத்த வாக்கியம் ஓடிக் கொண்டிருக்கிறது. புதிதாகத் தொழிலில் இறங்கியவர் இதனை எவ்வாறு பொருள் கொள்வார்?

தமிழில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்பதே இயல்பு. தெலுங்கிலும் கன்னடத்திலும் அவ்வாறே. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கும் குப்பம் வட்டாரத்தில் இம்மூன்று மொழிகளும் வழங்குகின்றன. பட்டுப்புழு வளர்ப்பும் நடைபெறுகிறது. அங்கு ஒலி அறுபடுதல் வெறும் தொல்லையன்று. பாட்டில் ஓர் அடி விட்டுப் போனால் இன்பம் குறையும். அறிவுரையில் ஒரு சொல் விட்டுப் போனால் விலக்கு விதியாகிவிடும்.

இன்று வீடுகளிலும் பள்ளிகளிலும் கைப்பேசியோடு கம்பியின்றி இணையும் சிறு ஒலிபெருக்கிகள் பெருகிவிட்டன. இவற்றில் ஒலி இடையிடையே அறுபடும்போது, கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதியதொன்று வாங்குவோர் பலர். பெரும்பாலும் கருவியில் குற்றம் இராது. காரணத்தை முறையாகத் தேடுவது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

ஒலி எவ்வாறு வந்து சேர்கிறது?

பழைய வானொலிப் பெட்டியில் நிலையத்தின் அலை வலுவிழக்குந்தோறும் இரைச்சல் மெல்ல மெல்ல மிகும். ஆயினும் பேச்சு ஓரளவு புரியும். புதிய கருவிகளின் இயல்பு வேறு. இவற்றில் ஒலி எண்களாக மாற்றப்பட்டு, சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது. ஒரு பொட்டலம் சிதைந்தால் பெறும் கருவி அதனை மீண்டும் கேட்டுப் பெறும். அதற்குக் காலம் வேண்டும் அன்றோ? ஆதலால் ஒலிபெருக்கி எப்பொழுதும் சிறிதளவு ஒலியைக் கையிருப்பாக வைத்துக் கொள்கிறது.

இதனை மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு ஒப்பிடலாம். மோட்டார் சற்று நேரம் நின்றாலும் குழாயில் நீர் வரும். தொட்டி வறண்டால் குழாய் சட்டென்று நின்றுவிடும். ஒலிபெருக்கியின் இருப்போ ஒரு விநாடியின் சிறு பகுதிக்கே போதுமானது. அது தீருமுன் அடுத்த பொட்டலம் வந்து சேராவிடில் மௌனம் உண்டாகிறது. எச்சரிக்கையாக இரைச்சல் ஏதும் எழாததால், விட்டுப் போன சொல் இருந்தது என்பதே பல வேளைகளில் கேட்பவருக்குத் தெரிவதில்லை.

முதற் காரணம்: தடையும் தூரமும்

ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சுவருக்கு அப்பாலிருந்து மின்காந்த அலையைச் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அலை சுவரை ஊடுருவும் என்பது அன்றே புலனாயிற்று. ஆனால் எல்லாச் சுவரையும் ஒரே வகையில் ஊடுருவாது.

ப்ளூடூத் ஒலிபெருக்கிகளும் பெரும்பாலான வை-ஃபை சாதனங்களும் 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் இயங்குகின்றன. இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் அளவுக்கும் குறைவு. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் பெறும் ஆற்றல் நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. சிறு ப்ளூடூத் சாதனங்கள் பலவற்றின் ஆற்றல் 2.5 மில்லிவாட் மட்டுமே. அவை சுமார் 10 மீட்டர் தூரத்துக்கு ஏற்றவை.

இடையில் இரும்பு அலமாரி நின்றால் அலை திருப்பி எறியப்படும். தடித்த கல்சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட்டும் அலையை வெகுவாகத் தளர்த்தும். குப்பம், வாணிபத்தில் 'குப்பம் கிரீன்' எனப் பெயர் பெற்ற கருங்கல் கிடைக்கும் ஊர். இத்தகைய வட்டாரங்களில் கல்சுவர் வீடு அரிதன்று. அங்கு கூடத்தில் பாடும் கருவி அடுத்த அறையில் தடுமாறுவதில் வியப்பில்லை.

பலர் எண்ணிப் பாராத தடை மனித உடல். உடலின் பெரும்பகுதி நீர். நீர் இவ்வலையை உறிஞ்சும். கைப்பேசியைப் பின்பையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை நோக்கி நின்றால், நாமே இடையில் சுவராகிறோம். கூட்டம் தரையில் அமர்ந்திருக்கும்போது ஒலிபெருக்கியையும் கைப்பேசியையும் தலைகளுக்கு மேலான உயரத்தில் வைத்தல் நலம்.

இரண்டாம் காரணம்: நெரிசல்

2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையைக் குறைந்த ஆற்றலில் உரிமமின்றி உபயோகிக்க இந்திய அரசு 2005-ஆம் ஆண்டு விதிகளால் இடமளித்தது. இதனால் சாதனங்கள் எளிதிற் பரவின; நெரிசலும் வளர்ந்தது. ஒரு வை-ஃபை தடம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. எனவே ஒன்றன்மேல் ஒன்று படியாமல் 1, 6, 11 என்ற மூன்று தடங்களே இப்பட்டையில் ஒருங்கே இயங்க முடியும்.

ப்ளூடூத் இந்நெரிசலைத் தாவித் தாவிக் கடக்கிறது. பட்டையை 79 சிறு தடங்களாகப் பிரித்து, விநாடிக்கு 1,600 முறை தடம் மாறுகிறது. கெட்ட தடங்களைக் கண்டு விலக்கும் திறன் 2003-இல் இதனோடு சேர்க்கப்பட்டது. ஆயினும் நல்ல தடம் மிஞ்சாதபோது தாவுவதற்கு இடமேது?

சமையலறையில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பும் 2,450 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. அதனின்று கசியும் சிறு பங்கு உடலுக்குத் தீங்கற்ற அளவினதே. எனினும் மில்லிவாட் கணக்கில் பேசும் கருவிகளுக்கு அது பேரிரைச்சல். ஒரே கைப்பேசி வை-ஃபை வழியே பாடலைப் பெற்று ப்ளூடூத் வழியே அனுப்பும்போதும் இரு பணிகளும் ஒரே பட்டையில் போட்டியிடுகின்றன. வை-ஃபையை 5,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைக்கு மாற்றினால் இப்போட்டி தீரும். இந்தியாவில் அப்பட்டையின் பெரும்பகுதி 2018-இல் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. ஆனால் அவ்வலை சுவரை ஊடுருவுவதில் சற்றுப் பின்தங்கியது. ஆகவே ரூட்டர் அதே அறையில் இருத்தல் வேண்டும்.

மூன்றாம் காரணம்: மின்சாரம்

அலையைச் சந்தேகிக்கும் அவசரத்தில் மின்சாரத்தை மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டின் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சிற்றூர்களின் கண் பரிசோதனை மையங்களோடு நெடுந்தூர வை-ஃபை வழியே இணைத்தனர். நோயாளி ஊரிலிருந்தே மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசினார். இதில் பங்கு கொண்ட பெர்க்கிலி கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தங்கள் அனுபவங்களை 2008-இல் வெளியிட்டனர். நேர்ந்த பழுதுகளில் பலவற்றின் மூலகாரணம் அலையன்று. தரங்குறைந்த மின்சாரமே என்று அவர்கள் கண்டனர். அழுத்தம் திடீரென உயர்வதும் தாழ்வதும் கருவிகளைக் குலைத்தன. வீட்டு ஒலிபெருக்கிக்கும் இப்பாடம் பொருந்தும். தளர்ந்த மின்கலம், தரமற்ற சார்ஜர், கைப்பேசியின் மின்சிக்கன ஏற்பாடு ஆகியவையும் ஒலியை அறுக்க வல்லவை.

பழுதறியும் முறை

விஞ்ஞானப் பரிசோதனையின் பொது விதியே இங்கும் விதி: ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக.

முதலாவது, மின்கலத்தை முழுதும் நிரப்பி, கைப்பேசியிலேயே சேமித்து வைத்த ஒலிப்பதிவை ஒரு மீட்டர் தூரத்தில் ஒலிக்கச் செய்க. வை-ஃபையை அணைத்துவிடுக. இப்போதும் அறுபட்டால் வேறொரு கைப்பேசியைக் கொண்டு சோதிக்க. அப்போதும் அறுபட்டால்தான் ஒலிபெருக்கியைக் குறை கூறலாம்.

இரண்டாவது, அதே இடத்தில் இணையத்திலிருந்து ஒலியைப் பெறுக. அறுபட்டால் குறை இணைய இணைப்பில்; அல்லது மேலே கூறிய போட்டியில்.

மூன்றாவது, சேமித்த ஒலிப்பதிவுக்கே திரும்பி, ஒவ்வோர் அடியாகத் தொலைவு செல்க. எந்தச் சுவரை, எந்த அலமாரியைக் கடந்ததும் அறுபடுகிறது என்று குறிக்க.

நான்காவது, அறுபட்ட நேரங்களை ஒரு தாளில் எழுதி வருக. சமையல் நேரத்தோடு ஒத்துப்போனால் அடுப்பையும், விளக்கு மங்கும் நேரத்தோடு ஒத்துப்போனால் மின்சாரத்தையும் ஆராய்க.

வீட்டில் பல ஒலிபெருக்கிகள் வை-ஃபை வழியே ஒருங்கே இயங்கி, அவற்றுள் ஒன்று மட்டும் தடுமாறினால், அதனை நன்கு இயங்கும் ஒன்றோடு இடம் மாற்றி வைத்துப் பார்க்க. குறை கருவியோடு சென்றால் கருவியில். இடத்திலேயே தங்கினால் இடத்தில். மாணவர்கள் தாமே செய்யத்தக்க இப்பரிசோதனை, விஞ்ஞான வகுப்புக்கும் ஏற்றதொரு பாடம்.

இத்தனைக்குப் பின்னும் ஐயம் எஞ்சுமானால், முக்கியமான அறிவுரைகளுக்குக் கம்பியையே நாடுவதில் இழுக்கில்லை. ஒரு சிறு கம்பி சுவர், கூட்டம், அடுப்பு ஆகிய தொல்லைகள் பலவற்றை ஒருங்கே விலக்கிவிடும்.

சொல்லும் முறையிலும் ஒரு காப்பு உண்டு. விலக்கை இறுதியில் மட்டும் வைக்காமல் முதலிலும் வைத்துச் சொல்லலாம்: "செய்யக் கூடாதது ஒன்று: தோலுரிக்கும் புழுவுக்கு இலை போடுதல். அதைச் செய்யாதீர்கள்." இவ்வாறு சொன்னால் இடையில் அரை விநாடி மௌனம் புகுந்தாலும் பொருள் தலைகீழாகாது. அதன் பின்னர், கேட்டவர்களுள் ஒருவரை எழுப்பி, கேட்டதைத் திரும்பச் சொல்லச் செய்தல் நன்று. விட்டுப் போன சொல்லைக் கண்டுகொள்ள அதனினும் எளிய வழி இல்லை.