எருமை காத்தவனும் கோவிவனும்

விடியற்காலை நான்கு மணிக்குத் தாமல் ஏரிப் பக்கத்துக் கிராமங்களில் மாட்டுக் கொட்டகை விளக்குகள் எரியத் தொடங்கும். பால் கறந்து, கேனை வண்டியில் மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் புறப்படுபவரின் பின்னால் ஒரு நாய் ஓடும். தெருமுனை வரை போகும். திரும்பி வந்து கொட்டகை வாசலில் படுத்துக்கொள்ளும். அதற்குச் சம்பளம் கிடையாது. பல வீடுகளில் பெயர்கூடக் கிடையாது.

ஆனால் இப்படி மாடு காத்த ஒரு நாயின் பெயரை நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன்.

கல்லில் நிற்கும் இருவர்

திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றொரு ஊர் உண்டு. காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில் அங்கே ஒரு நடுகல் நடப்பட்டது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது.

கருந்தேவக்கத்தி என்பவர் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்டார் என்கிறது வட்டெழுத்தில் உள்ள அந்தக் கல்வெட்டு. பொற்றொக்கையார் என்பவரைச் சேர்ந்த ஆள் அவர். அரசரும் அல்ல, படைத்தலைவரும் அல்ல. அதே கல்லில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். ஆயுதம் ஏந்திய வீரனோடு அவனது நாயையும் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடிப் படியெடுத்தது. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூல் வெளியானது. ஆநிரை கவர்வதும் மீட்பதும் பற்றிய கற்கள் அதில் நிறைய உண்டு. மாடுதான் அன்றைக்குச் செல்வம். மாட்டை இழந்த குடும்பம் எல்லாவற்றையும் இழந்தது. அதனால்தான் அதைக் காத்துச் செத்தவருக்குக் கல் நட்டார்கள். கூட நின்ற நாய்க்கும் அதில் பங்கு கொடுத்தார்கள்.

இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கடன் வாங்கிக் கட்டிய கறவை மாடு இரவில் களவு போனால் அந்த வீட்டின் மாத வருமானம் போயிற்று. தவணை மட்டும் நிற்கும். ஆள் தூங்கும் நேரத்தில் முதலில் குரல் கொடுப்பது நாய்தான்.

எந்த நாய் ஏற்றது?

காவலுக்குப் பேர்போனவை கோம்பையும் ராஜபாளையமும். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. திறந்த வெளியில் ஓடும் இனங்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. இருந்தாலும் இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர் விலை கொடுத்து இனநாய் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நம் ஊர் நாட்டு நாயே வெயிலையும் மழையையும் தாங்கும். புதிய காலடிச் சத்தத்தை உடனே அறியும்.

பழக்குவதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு மாதக் குட்டியாகக் கொண்டுவந்து கன்றுகளின் பக்கத்திலேயே வளர்த்தால், அது மாட்டைத் துரத்தாது. தன் கூட்டமாக எண்ணிக்கொள்ளும். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைத்தால் நாய் மூர்க்கமாகும், காவலுக்கு உதவாது. வேலியடைத்த இடமாக இருந்தால் இரவில் அவிழ்த்துவிட வேண்டும். வெறும் பழைய சோறு போதாது. முட்டை, வேகவைத்த இறைச்சி என்று ஏதாவது சேர வேண்டும்.

நாய்க்கு நாம் செய்ய வேண்டியது

காவலுக்கு இருக்கும் நாய்தான் வெளியிலிருந்து வரும் வெறிநாயை முதலில் எதிர்கொள்ளும். தடுப்பூசி போடாத காவல் நாய், வீட்டுக்கும் கொட்டகைக்கும் ஆபத்து. குட்டிக்கு மூன்றாவது மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்று போட்டுவர வேண்டும். ஜூலை 6, செப்டம்பர் 28 தேதிகளையொட்டிக் கால்நடைத் துறை நடத்தும் முகாம்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மாட்டை நாய் கடித்துவிட்டால், கையுறை அணிந்து, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடித்த பிறகு போடும் ஊசி 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் தவறாமல் போடப்பட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மாடு விடாமல் கத்துகிறது, எச்சில் ஒழுகுகிறது, தீனி விழுங்க முடியவில்லை என்றால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுகிறோம். அது ரேபிஸாக இருக்கலாம். கை வைக்காதீர்கள்; மருத்துவரை அழையுங்கள். அந்த மாட்டின் பாலைக் குடிக்கவோ விற்கவோ கூடாது. எச்சில் பட்டவர்களும் பச்சைப் பால் குடித்தவர்களும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோய் அறிகுறி மனிதரிடம் தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். மாடு ஈன்றதும் விழும் நஞ்சுக்கொடியையும் செத்துப் பிறந்த கன்றையும் நாய் தின்ன விடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். தீவனம், வைக்கோல் வைக்கும் இடத்தில் நாய் மலம் கழிக்க விடக்கூடாது. மாடுகளில் கருச்சிதைவு உண்டாக்கும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி இந்த வழியாகப் பரவும்.

பெயர் எழுதுங்கள்

எடுத்தனூர்க் கல்லைச் செதுக்கியவர்கள், ஆளின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நாய்தானே என்று விட்டுவிடவில்லை. அதன் பெயரையும் அது செய்த வேலையையும் சேர்த்து எழுதினார்கள்.

நம்மால் கல் நட முடியாவிட்டாலும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை மாட்டுக்கு ஊசி போடக் கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது நாயையும் கூட்டிப் போங்கள். தடுப்பூசி அட்டையில் பெயர் என்று ஓரிடம் விட்டிருப்பார்கள். அதில் உங்கள் காவலாளியின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.