விலைக்கு வாங்கும் வெயில்

மனிதனுக்குத் தன் மேனியின் நிறத்தில் மனநிறைவு உண்டாவது அரிது போலும். வெயில் மிகுந்த நம் நாட்டில் உச்சிப்பொழுதில் வெளியே செல்ல நேர்ந்தால் குடையைத் தேடுகிறோம். "கறுத்துப் போய்விட்டாயே" என்று உறவினர் சொன்னால் முகம் வாடுகிறோம். வெயில் குறைந்த வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலைமை நேர்மாறானது. விடுமுறை கழித்து மேனி பழுத்து வருபவரைக் கண்டால் அங்கே பாராட்டுவார்கள். அந்தப் பழுப்பு நிறத்தைப் பெறுவதற்காகவே பலர் கடற்கரை மணலில் மணிக்கணக்கில் கிடப்பதுண்டு. வெயில் கிட்டாத மாதங்களில் காசு கொடுத்து மின்விளக்குகளின் நடுவே படுத்து எழுவோரும் உண்டு. அவ்வாறு படுப்பதற்கென அமைந்த கருவியே வெயில் படுக்கை. அதன் கவர்ச்சி எத்தகையது, அதனால் விளையும் கேடு எத்தகையது என்பதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

வெயில் படுக்கை என்பது ஓர் ஆள் நீளமுள்ள பெட்டி. கிளிஞ்சலின் இரு ஓடுகளைப் போல அதன் அடிப்பாகமும் மேல்மூடியும் கீல் வைத்து இணைக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் நம் வீட்டுக் குழல் விளக்குகளைப் போன்ற நீண்ட விளக்குகள் வரிசையாகப் பதிந்திருக்கும். வீட்டு விளக்கு கண்ணுக்குப் புலனாகும் ஒளியைத் தருகிறது. இவ்விளக்குகளோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களை வீசுகின்றன. ஆடை களைந்து, கண்களுக்குக் கவசம் அணிந்து, உள்ளே படுத்து மூடியை இறக்கிக்கொண்டால் உடலின் இருபுறமும் ஒரே சமயத்தில் கதிர் படும். பத்து அல்லது இருபது நிமிஷங்களில் எழுந்துவிடலாம். சில வாரங்கள் இவ்வாறு போய்வந்தால் வெள்ளைத் தோல் பழுப்பு நிறம் அடையும். போவதை நிறுத்தினால் அந்நிறமும் சில வாரங்களில் மங்கிவிடும். ஆகவே மீண்டும் மீண்டும் போக வேண்டியதாகிறது.

இந்த மோகம் பழமையானது என்று எண்ண வேண்டா. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பியச் சீமாட்டிகளும் நம் வீட்டுப் பெண்களைப் போலக் குடை பிடித்தே நடந்தார்கள். வயலில் உழைப்பவன் வெயிலில் கறுத்தான். மாளிகையில் வாழ்பவர் வெளுத்திருந்தார். ஆகவே வெளுப்பு செல்வத்தின் அடையாளமாயிற்று. இயந்திரத் தொழில் பெருகியபின் உழைப்பாளி ஆலைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் புகுந்து வெளுத்தான். ஓய்வும் பொருளும் படைத்தவர்கள் மத்தியதரைக் கடற்கரைக்குச் சென்று பழுத்துத் திரும்பினார்கள். அடையாளம் தலைகீழாக மாறிற்று. 1920-களில் பிரெஞ்சு நாட்டு உடையலங்காரக் கலைஞர் கோகோ ஷனேல் போன்ற பிரபலங்களின் வழியே பழுப்பு மேனி நாகரிகமாகவே பரவியது. நிறம் அதே நிறந்தான். அதற்கு மனிதர் இட்ட விலை மட்டுமே மாறியது.

மருத்துவமும் இந்த மாற்றத்துக்குத் துணை நின்றது. தோலைப் பற்றும் காசநோயைச் செறிந்த ஒளிக்கதிர்களால் குணப்படுத்திய டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் பின்ஸனுக்கு 1903-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1919-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு மெலிந்து வளையும் குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் கீழ்க் கிடத்தி நலமடையச் செய்தார். தோலில் புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி உண்டாகிறது என்ற உண்மை இவ்வழியில் தெளிவாயிற்று. விளக்கின் பிறப்பு நற்பிறப்பே. ஆனால் நோயாளிக்கு மருத்துவர் அளந்து கொடுத்த கதிரை, நோயற்றவருக்கு வணிகர் விற்கும் காலம் பின்னர் வந்தது. 1970-களில் ஜெர்மானியரான ஃபிரீட்ரிஹ் வோல்ஃப் என்பவர் இதற்கான படுக்கைகளைப் பரப்பினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவை அமெரிக்காவிலும் கால் வைத்தன. அழகு நிலையங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் அவை இடம்பெற்றன.

இவற்றை நாடுவோரை மூடர் என்று தள்ளிவிடுவது முறையன்று. வடபுலத்துக் குளிர்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர்கள் உண்டு. அங்கே வாழும் ஒருவருக்கு ஒளியும் வெதுவெதுப்பும் நிறைந்த பெட்டிக்குள் சிறிது நேரம் கண்மூடிக் கிடப்பதே பெரிய இன்பம். திருமணத்துக்கும் பள்ளி விழாவுக்கும் முன்னர் மேனியைப் பழுக்கச் செய்துகொள்வது தோழியர் வட்டத்தில் வழக்கமானால், ஒருத்தி மட்டும் விலகி நிற்பது எளிதன்று. இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றும் இருக்கலாம். புற ஊதாக் கதிர் பட்ட தோல், அபினைப் போன்ற விளைவை உண்டாக்கும் எண்டார்பின் என்னும் பொருளைச் சுரப்பதாக 2014-ஆம் ஆண்டில் எலிகளை வைத்து நடத்திய ஆராய்ச்சியில் கண்டார்கள். கதிருக்குப் பழகிய எலிகளுக்கு அபினின் செயலை முறிக்கும் மருந்தைக் கொடுத்தபோது, போதையை இழந்தவனிடம் தோன்றும் நடுக்கம் போன்ற குறிகள் அவற்றிடம் தோன்றின. படுக்கைக்குப் பழகியவர்கள் விட முடியாமல் தவிப்பதற்கு இதுவும் ஒரு விளக்கமாகலாம்.

இனி, தோல் ஏன் கறுக்கிறது என்பதை அறிந்தால்தான் கேட்டின் தன்மை விளங்கும். மேல்தோலின் அடித்தளத்தில் மெலனின் என்னும் கருநிறப் பொருளை ஆக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. புற ஊதாக் கதிர், தோலின் உயிரணுவுக்குள் புகுந்து அதன் கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் மரபுச் சரட்டைத் தாக்குகிறது. சரட்டில் அடுத்தடுத்துள்ள கண்ணிகள் சில முறைதவறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. காயமுற்ற உயிரணு, நிறம் ஆக்கும் உயிரணுவுக்குச் செய்தி அனுப்புகிறது. அது மெலனினை ஆக்கி அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்கு வழங்குகிறது. அவை அந்தக் கருநிறத் துகள்களைத் தம் கருவுக்கு மேலே குடை போலக் கவித்துக்கொள்கின்றன. ஆகவே பழுத்த மேனி, அடிபட்டபின் விரித்த குடையாகும். குடை விரிவதற்குள் அடி விழுந்துவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது. ஒட்டிய கண்ணிகளைப் பழுதுபார்க்கும் ஆற்றல் உடலுக்கு உண்டு. எனினும் அடி மீண்டும் மீண்டும் விழுந்தால் சில பிழைகள் திருந்தாமல் தங்கிவிடுகின்றன. அத்தகைய பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, ஓர் உயிரணு கட்டுமீறிப் பெருகத் தொடங்குவதே புற்றுநோய்.

புற ஊதாக் கதிர்களில் ஏ, பி என இருவகை நம் தோலை எட்டுகின்றன. பி வகை மேல்தோலைச் சுட்டுச் சிவக்கச் செய்யும். வைட்டமின் டி உண்டாவதும் அதனால்தான். ஏ வகை அவ்வளவாகச் சுடாது. ஆனால் ஆழமாகப் புகுந்து தோலின் மீள்தன்மையைக் குலைத்து, இளமையிலேயே சுருக்கம் விழச் செய்யும். வெயில் படுக்கை விளக்குகள் பெரும்பாலும் ஏ வகையையே வீசுகின்றன. ஆற்றல் மிக்க படுக்கைகள் மத்தியதரைக் கடற்கரையின் நண்பகல் வெயிலைவிடப் பத்து முதல் பதினைந்து மடங்கு வலிமை உடையவையாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. உடம்பு எரிந்தால் நிழலுக்கு ஓடுவோம். எரியாத கதிரோ எச்சரிக்கை இல்லாமலே தன் வேலையைச் செய்கிறது.

இத்தொழிலில் ஈடுபட்டோர் இரண்டு நன்மைகளை எடுத்துரைப்பதுண்டு. வைட்டமின் டி கிடைக்கும் என்பது ஒன்று. அதைத் தருவது பி வகைக் கதிர். இவ்விளக்குகளில் அது சொற்பம். அந்த வைட்டமினை உணவாலும் மருத்துவர் தரும் மாத்திரையாலும் கேடின்றிப் பெறலாம். கோடை விடுமுறைக்கு முன்னரே தோலைப் பழக்கிவிட்டால் பின்னர் வெயில் சுடாது என்பது மற்றொன்று. விளக்கால் பெற்ற நிறம் தரும் காப்பு மிக அற்பமானது. ஒரு மெல்லிய சட்டைக்கு அது ஈடாகாது.

கேட்டைப் பற்றிய ஐயம் இன்று எஞ்சவில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு, 1992-ஆம் ஆண்டில் இக்கருவிகளைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற ஐயப் பட்டியலில் வைத்தது. 2009-ஆம் ஆண்டில் அந்த ஐயத்தை நீக்கி, புகையிலையும் கல்நாரும் இடம்பெற்றுள்ள முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. முப்பது வயதுக்கு முன்னர் இப்பழக்கத்தைத் தொடங்குவோருக்கு மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயின் அபாயம் 75 சதவீதம் உயர்கிறது என்றும் அது தெரிவித்தது. நூறு பேரில் 75 பேருக்கு நோய் வரும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பழக்கமில்லாத ஒரு கூட்டத்தில் நால்வருக்கு நோய் வருமானால், அதே அளவுள்ள பழக்கமுடைய கூட்டத்தில் எழுவருக்கு வரும் என்பதே பொருள். அந்த மூவரின் துயரம் முற்றிலும் தவிர்த்திருக்கக் கூடியது.

எண்கள் உணர்த்தாததை ஓர் உயிர் உணர்த்தியது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் என்ற இளம்பெண், மெலனோமாவால் தாக்குண்டு மரணப் படுக்கையில் இருந்தபோது, தாம் முன்னர் வெயில் படுக்கையைப் பயன்படுத்தியதை நாட்டு மக்களுக்கு எடுத்துரைத்து, பிறரையேனும் காக்கும்படி வேண்டினார். 2007-ஆம் ஆண்டில், தம் 26-ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய குரல் அரசாங்கங்களின் செவிக்கு எட்டியது. 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் ஆஸ்திரேலிய மாநிலங்கள் அனைத்தும் வணிக முறையில் வெயில் படுக்கை நடத்துவதைத் தடை செய்துவிட்டன. பிரேஸில் நாடு அதற்கு முன்னரே, 2009-ஆம் ஆண்டில், அழகுக்காக இவற்றைப் பயன்படுத்துவதை விலக்கியது. பிரெஞ்சு நாடு 1997-ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 2011-ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2012-ஆம் ஆண்டிலும் 18 வயது நிரம்பாதோருக்கு இவற்றை மறுத்தன. வயது வந்தோருக்கு இன்றும் இவை பல நாடுகளில் திறந்தே கிடக்கின்றன. மேல்நாட்டுக் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் உடற்பயிற்சிக் கூடத்தின் ஒரு மூலையில் இதைக் காணக்கூடும். குளிருக்கு இதமாக இருக்குமே என்று ஒரு நாள் உள்ளே படுத்துப் பார்க்கும் ஆசையும் எழக்கூடும். கருநிறத் தோலுக்கு இயற்கைக் காப்பு மிகுதி என்பது மெய்யே. ஆனால் அது முழுக்காப்பு ஆகாது. காசு கொடுத்து அடி வாங்குவதில் நன்மை ஒன்றும் இல்லை.

மெலனோமா நம்மவரிடம் அரிதாகவே தோன்றுகிறது. தோன்றும்போது உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் அது தலைகாட்டுவது மிகுதி. அங்கு வருவதற்கு வெயில் முக்கிய காரணமாகாது. அவ்விடங்களில் புதிதாக ஒரு கருமறு தோன்றினாலும், பழைய மறு வளர்ந்தாலும், விளிம்பு கோணினாலும், நிறம் திட்டுத்திட்டாக மாறினாலும் தோல் மருத்துவரிடம் காட்டுவது கடமை. தொடக்கத்தில் கண்டுகொண்டால் அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலும் குணமாகும்.

இவ்வளவும் கேட்டபின் மருத்துவமனை விளக்குகளைக் கண்டு எவரும் அஞ்சலாகாது. மஞ்சட்காமாலை கண்ட பச்சிளங்குழந்தையைக் கிடத்தும் விளக்கு நீலவொளி தருவது; புற ஊதாக் கதிர் அதன் வேலையன்று. உறவினர் அருகில் இல்லாத வெளியூரில் முதற் பிள்ளை பெற்ற தாய்மார் இதைத் தெரிந்துகொண்டால் வீண் கலக்கம் நீங்கும். வெண்புள்ளிக்கும், சொரியாஸிஸ் என்னும் செதில் உதிரும் தோல் நோய்க்கும் புற ஊதாக் கதிரையே மருந்தாகத் தருகிறார்கள். அங்கே மருத்துவர் கதிரின் வகையைத் தேர்ந்து, அளவை அளந்து, ஒவ்வொரு முறையும் தோலைப் பார்த்தே முன்செல்கிறார். நம் சித்த மருத்துவர்கள் வெண்புள்ளிக்குப் பயன்படுத்திய கார்போகரிசியில், ஒளியின் செயலைத் தோலில் மிகுவிக்கும் ஸோரலென் என்ற பொருள் இருப்பதை விஞ்ஞானமும் கண்டிருக்கிறது. அதையும் நாமே அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கொப்புளித்துப் புண்ணாகும். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே நிற்பது அளவே.

முடிவாக ஒன்று. வெயில் படுக்கையில் கிடக்கும் மேல்நாட்டுப் பெண்ணைக் கண்டு நாம் நகைப்பதற்கு இடமில்லை. அவள் கறுப்பை விலைக்கு வாங்குகிறாள். நம்மவர் வெளுப்பை விலைக்கு வாங்குகிறோம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழருக்கு நிறத்தைக் குறித்த பேச்சு புதிதன்று. பள்ளியில் தோழர் சொன்ன ஒரு சொல்லைப் பொறாமல் கண்ணாடி முன் நிற்கும் சிறுமி, கடையில் கிடைக்கும் பசையை நாடுகிறாள். அத்தகைய பசைகளுள் சிலவற்றில் பாதரசமும், சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தும் கலந்திருப்பது வெளிப்பட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலிவித்து, முகத்தில் சிவப்பையும் பருவையும் நிலைநிறுத்தும். மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டுப் பசைகள் பலவற்றை விற்கலாகாது என்று இந்திய அரசாங்கம் 2018-ஆம் ஆண்டில் விதித்திருப்பது இதனால்தான். அவ்விதி கடைக்காரரைத் தடுக்கலாம். கண்ணாடி முன் நிற்கும் பிள்ளையின் மனத்தைத் தேற்ற வேண்டியவர் வீட்டிலுள்ள பெரியோரே. "கறுத்துப் போய்விட்டாயே" என்ற சொல்லை நம் வீட்டில் நாம் நிறுத்திக்கொள்வோமானால், தெருவில் கேட்கும் சொல்லைத் தாங்கும் வலிமை அப்பிள்ளைக்குத் தானே உண்டாகும்.