1080-ஆம் பைட்டில் ஒரு கையெழுத்து

பாட்டுக் கோப்பைச் சொடுக்கியதும் விண்டோஸ் முதலில் பார்ப்பது பெயரின் வாலை. புள்ளிக்குப் பின்னால் 'எம்பி3' என்று இருந்தால் அதற்குரிய பிளேயரைக் கூப்பிடும். அமிகா கணினி வைத்திருந்தவர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. 'மோட்' என்ற சொல்லை அவர்கள் பெயருக்கு முன்னால் வைத்துப் புள்ளி போட்டார்கள். அந்தக் கோப்பு விண்டோஸுக்கு வந்தால் பாட்டின் பெயரே வாலாகிவிடும். ஆகவே பழைய இசைக்கான பிளேயர்கள் பெயர்ப்பலகையை நம்புவதில்லை. உள்ளே போய்த்தான் பார்க்கின்றன.

உள்ளே பார்ப்பதும் லேசுப்பட்ட காரியமல்ல. 1987-இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அமிகாவுக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற இசை மென்பொருளைச் செய்தார். கருவி ஒலிகளும், எதை எப்போது வாசிப்பது என்ற குறிப்பும் சேர்ந்து ஒரே கோப்பில் அடங்கிய வடிவம்தான் அதன் மோட் கோப்பு. முதல் 20 பைட் தலைப்பு. பிறகு 15 கருவிகள், ஒவ்வொன்றுக்கும் 30 பைட். அதன்பின் வாசிக்கும் வரிசை. 600 பைட் தாண்டியதும் நேராகச் சுரங்கள், பேட்டர்ன் எனப்படும் துண்டுகளாக. 'நான் இன்ன வகைக் கோப்பு' என்று எங்கேயும் எழுதவில்லை. தன் மென்பொருள் மட்டும் படிக்கப்போகும் கோப்புக்கு அடையாளம் எதற்கு என்று விட்டிருப்பார்.

பின்னால் வந்தவர்கள் கருவிகளை 31 ஆக்கினார்கள். தலைப்பகுதி 1080 பைட்டாக நீண்டது. பழையதா புதியதா என்று தெரிய வேண்டுமே? அந்த 1080 பைட்டுக்குப் பிறகு 'எம்.கே.' என்று நான்கு குறிகளைச் செருகினார்கள். யாருடைய முதலெழுத்து என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மைக்கேல் க்ளெப்ஸ் என்பார் சிலர். மஹோனி, காக்டஸ் என்ற இரட்டையர் என்பார் வேறு சிலர்.

பழைய கோப்பில் அதே இடத்தில் என்ன இருக்கும்? முதல் பேட்டர்னின் 31-ஆம் வரி, முதல் சுரம். அங்கே தற்செயலாக 'எம்.கே.' வந்து தொலைத்தால்? வராது. ஒரு சுரத்துக்கு நான்கு பைட். அதில்தான் கருவி எண்ணும் ஒளிந்திருக்கிறது. 'எம்.கே.' என்பதைச் சுரமாகப் படித்தால், 68-ஆம் கருவியை வாசி என்று அர்த்தமாகும். இருப்பதோ 15 கருவி. கணக்குப் போட்டு வைத்தார்களோ, தானாக அமைந்ததோ, எனக்கு இதில் ஒரு தனி ரசனை உண்டு.

கையெழுத்தே இல்லாத கோப்பு வந்தால் பிளேயர் துப்பறிய வேண்டியதுதான். கருவியின் ஒலியளவு 64-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் இது அந்த வகை இல்லை. வரிசைப் பட்டியலில் உள்ள மிகப்பெரிய பேட்டர்ன் எண் 11 என்றால், எண்கள் பூஜ்யத்தில் தொடங்குவதால் மொத்தம் 12 பேட்டர்ன். ஒன்றுக்கு 1024 பைட் வீதம் 12,288, தலைப்பகுதியின் 600, அதோடு கருவி ஒலிகளின் நீளம். கூட்டுத்தொகை கோப்பின் அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அச்சொட்டாக வேண்டும் என்று அடம்பிடித்தால் கதைக்கு ஆகாது. கடைசியில் சில பைட் உதிர்ந்துபோன கோப்புகளும் உண்டு, அவையும் நன்றாகவே பாடும்.

இதில் எந்தச் சோதனையும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. அதனால் கேட்கும் முறையில்தான் சாமர்த்தியம். பாஸ்ட்டிராக்கர் 2 என்ற இன்னொரு இசை மென்பொருள் கோப்பின் தொடக்கத்திலேயே 17 எழுத்தில் தன் வகையைச் சொல்லிவிடும். ஸ்கிரீம்டிராக்கர் 3 என்ற மற்றொன்று தன் நான்கெழுத்தை 44 பைட் தள்ளி வைத்திருக்கும். இப்படி வாய் திறந்து சொல்பவற்றை முதலில் விசாரித்துவிட்டு, ஊமைக் கோப்பைக் கடைசியில் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் வேறு வகைக் கோப்பைச் சுரமென்று நினைத்து இரைச்சலைக் கொட்டும்.

கமடோர் 64 கணினியின் சிட் என்ற இசைக் கோப்பு நேர் எதிர். முதல் நான்கு எழுத்திலேயே யார் என்று தெரிந்துவிடும், திறப்பதுதான் பாடு. உள்ளே இருப்பது அந்தக் கணினிக்கே எழுதிய நிரல். பிளேயர் அதன் செயலியைப் போலவே நடிக்க வேண்டும். தலைப்பகுதியில் இரண்டு முகவரிகள் இருக்கும். பாட்டைத் தயார் செய்ய ஒன்றை ஒரே ஒரு தடவை அழைக்க வேண்டும். மற்றதை, ஐரோப்பியக் கணினிக்கு எழுதிய பாட்டென்றால் பெரும்பாலும் நொடிக்கு 50 தடவை. அதே பாட்டு அமெரிக்கக் கணினியில் ஏன் ஓட்டமாக ஓடியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.