திரும்பும் தேதி

பேறுகாலப் பலன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. இதில் அதிகம் பேசப்படாத நன்மை ஒன்று உண்டு. அலுவலகத்துக்குப் போகும் தாய்க்கு, வேலைக்குத் திரும்ப ஒரு தேதி கிடைக்கிறது. அதை வைத்தே வீடு தயாராகிறது. பாட்டி ஊரிலிருந்து வருகிறார், பால் பிழிந்துவைக்கப் பழகுகிறார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். வீட்டிலிருந்தபடி கதை எழுதுகிறவருக்கும் படம் வரைகிறவருக்கும் இப்படி ஒரு தேதி கிடையாது. "குழந்தை கொஞ்சம் வளரட்டும்" என்பார்கள். பிறகு பள்ளிக்கூடம், பிறகு பரீட்சை. ஆசை வற்றிப்போய் அவர்கள் நின்றுவிடுவதாக நான் நினைக்கவில்லை; திரும்பும் நாளை யாரும் குறித்துக் கொடுக்காததால்தான் நின்றுபோகிறார்கள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அப்போது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். குழந்தை பராமரிப்பு இதில் சேரவில்லை. கைக்குழந்தை உறங்கும் அரைமணியில் துணி ஊறவைப்பதா, குளிப்பதா, விட்ட வரியைத் தொடுவதா? மூன்றாவதுதான் எப்போதும் தள்ளிப்போகும்.

உண்மையான திறமை எப்படியும் வழி தேடிக்கொள்ளும் என்பவர்கள் நாவலாசிரியர் டோனி மாரிசனைக் காட்டுவார்கள். மணவிலக்குக்குப் பின் இரண்டு மகன்களை வளர்த்துக்கொண்டே, பதிப்பக வேலையும் பார்த்துக்கொண்டு எழுதிய முதல் நாவல் 1970-இல் வெளிவந்தது. எழுதும்போது குழந்தை தாளின்மேல் கக்கிவிட, துடைக்க எழுந்தால் வாக்கியம் போய்விடும் என்று அதைச் சுற்றியே எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். நம் கவிஞர் சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் கழிவறையில் நின்று எழுதினார். இருவரையும் வணங்குகிறேன். ஆனால் தப்பி வந்தவர்களை மட்டும் எண்ணுவது கணக்காகாது. நான்கு மகள்களை வளர்த்த அமெரிக்க எழுத்தாளர் டில்லி ஓல்சனின் முதல் நூல் 1961-இல் வந்தபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. எழுத முடியாமல் போனவர்களைப் பற்றியே பின்னாளில் அவர் ஒரு புத்தகம் எழுத நேர்ந்தது.

குழந்தையின் முதல் வருடம் திரும்ப வராதே என்ற கேள்வி நியாயமானது. பச்சை உடம்பு ஆறவேண்டும், தூக்கம் வேண்டும்; மனச்சோர்வு வாட்டினால் மருத்துவரிடம் போகவேண்டும். ஆகவே அவசரப்படுத்தச் சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் கூழ் ஊட்டும் நாளையே திரும்பும் நாளாக வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். அதில் வருமானம் உண்டா என்று கேட்கக்கூடாது. எட்டு மாதமாகப் பாடாத குரலும் பாதியில் நிற்கும் நாவலும் முதல் மாதமே காசு தராது, பழக்கம் விட்டுப்போனால் பிறகும் தராது. அந்த ஒரு மணி நேரம் பிள்ளை யார் மடியில், அடுப்பில் இருப்பதை யார் இறக்குவது, அழுதால் யார் எழுவது என்பதை வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போதே கணவரும் பெரியவர்களும் பேசி முடிக்கட்டும்.