மலைக்கு அப்பால் ஒரு தாயின் ஆட்சி

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பிலிருந்து மேற்கே தெரியும் முகடுகளுக்கு அப்பால் பழைய திருவிதாங்கூர். அங்கே 1810-இல், ஏறத்தாழ இருபது வயதில், கௌரி லட்சுமி பாய் அரியணை ஏறினார். பட்டத்துக்கு உரிமை கோரிய கேரள வர்மாவைக் கிழக்கிந்தியக் கும்பினி ஒதுக்கிவிட்டது. அடுத்த ஆண்டே கும்பினியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மன்றோ திவானாகவும் ஆனார். வெள்ளைக்காரரின் கண்காணிப்பும் நாட்டின் நிர்வாகமும் ஒரே கையில்! ராணியை வெறும் பொம்மை என்று தள்ளிவிடவும் முடியாது. 1812-இல் அடிமை வணிகத்துக்குத் தடை விதித்த ஆணை அவர் பெயரில்தான் வந்தது. வயலோடு பிணைக்கப்பட்ட அடிமைகளை மட்டும் அது தொடவில்லை.

மருமக்கள்தாய முறையில் வாரிசுரிமை பெண்வழியே வருவது. அதனால் ராணியின் கர்ப்பம் அரசாங்க விவகாரம். 1813 ஏப்ரல் 16-இல் சுவாதித் திருநாள் பிறந்தார். கவிஞர் இரயிம்மன் தம்பியின் புகழ்பெற்ற தாலாட்டு இந்தக் குழந்தைக்காகத்தான். சில மாதங்களிலேயே குழந்தை மன்னராக அறிவிக்கப்பட, அரசியாக இருந்த தாய் மகனின் பெயரால் ஆளும் பிரதிநிதியானார். 1815-இல் அவர் இறந்தார். தங்கை கௌரி பார்வதி பாய் அக்காவின் பிள்ளைகளை வளர்த்தார். 1829-இல் சுவாதித் திருநாள் பொறுப்பேற்கும்வரை நாட்டையும் ஆண்டார்.