கர்னலும் அதன் எண்களும்

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் அதில் ஓடும் நிரல்களுக்கும் நடுவே நின்று, நினைவகத்தைப் பங்கிடுவதும், பிராசஸரில் எந்த வேலை முந்த வேண்டுமென நிச்சயிப்பதுமாகிய காரியங்களை ஓயாமல் நடத்திவரும் மென்பொருளே கர்னல். 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கர்னலில், இக்காரியங்களின் போக்கை நிர்வாகி மாற்றிக்கொள்வதற்கென ஏராளமான அமைப்புகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை எண்களாகவே இருக்கின்றன.

பரீட்சை எழுதும் மாணவனுக்கு மார்க்கும் எண், ராங்க்கும் எண், பதிவு நம்பரும் எண். முதலாவது கூடக்கூட மேன்மை. இரண்டாவது குறையக்குறைய மேன்மை. மூன்றாவது வெறும் அடையாளம். கர்னலிலும் இம்மூவகையும் உண்டெனினும், எது எவ்வகை என்பதை எண்ணின் தோற்றத்தைக் கொண்டு அறிய முடியாது.

வேலைகளுக்கு அளிக்கப்படும் ‘நைஸ்’ மதிப்பு ராங்க்கைப் போன்றது. மைனஸ் 20 முதல் 19 வரை செல்லும் அவ்வரிசையில், மைனஸ் 20 பெற்ற வேலைக்கே பிராசஸரின் சலுகை அதிகம்.

‘ஓவர்கமிட் மெமரி’ என்பதோ, நிரல்களுக்குக் கையிருப்பை மீறியும் நினைவகத்தை வாக்களிக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது. அதில் 0 என்றால் தடை என்றெண்ணுவோர் ஏமாந்துபோவர். வெளிப்படையாக மிகையான கோரிக்கையை மட்டும் மறுப்பது 0, எதையும் மறுக்காதது 1, கண்டிப்பான வரம்பு விதிப்பது 2.

வலையமைப்புப் பொதியின் அனுப்புநர் முகவரியைச் சோதிக்கும் ‘ஆர்பி ஃபில்டர்’ இதனினும் விசித்திரம். சோதனையின்மை 0, கண்டிப்பு 1, தளர்வு 2. பொது அமைப்பும் தனி இணைப்பின் அமைப்பும் வேறுபட்டால் பெரிய எண்ணே செல்லுமாதலால், இணைப்பில் கண்டிப்பை விதித்தவர், பொதுவில் 2 இருக்குமாயின், தளர்வையே பெறுவார்.

அவசரகால விசைக் கட்டளைகளுக்கான ‘சிஸ்ஆர்க்யூ’ அமைப்பில் 0 என்பது முழுத் தடை, 1 என்பது முழு அநுமதி. அதற்கு மேற்பட்ட எண்களோ தனித்தனி அநுமதிகளின் கூட்டுத்தொகை. 16, 32, 128 ஆகிய மூன்று அநுமதிகளின் தொகையான 176-ஐவிட, 1 அளிக்கும் அதிகாரமே பெரிது.

இக்குழப்பத்துக்குக் காரணம் அலட்சியமன்று. 0, 1 என்று இரண்டே நிலைகளுடன் பிறந்த அமைப்புக்குப் பின்னாளில் மூன்றாம் நிலை தேவைப்பட்டபோது, வழக்கத்திலுள்ள எண்களின் பொருளை மாற்றினால் பழைய கணிப்பொறிகளின் ஏற்பாடுகள் குலையுமென்பதால், புதியதற்கு 2 அளிக்கப்பட்டது. ஆகவே, எந்த எண்ணையும் மாற்றுமுன் பழைய மதிப்பைக் குறித்துக்கொண்டு, கர்னலின் ஆவணத்தில் அந்த அமைப்புக்குரிய பகுதியை ஒருமுறை படித்துவிடுவதே நிர்வாகிக்கு க்ஷேமம்.